பேசாத இங்கிலீஷ் வாத்தியார்

யுத்தகளத்தில் பயந்து ஓடியவனைப் பற்றிய கதைகள் உலகத்தில் ஏராளம். பேய்க்குப் பயந்தவன், பெண்டாட்டிக்குப் பயந்தவன், மேலதிகாரிக்குப் பயந்தவன் இவர்களுக்கும் குறைவில்லை. ஒரு பாஷைக்குப் பயந்தவனைக் கதாநாயகனாக வைத்து எழுதியவர்கள் மிகச் சிலரே. அதிலும், அந்தப் பாஷையைச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்கும் வாத்தியாரே அதைப் பேசப் பயந்து சாகிறார் என்று எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். கோஜிமா நோபுவோ என்ற ஜப்பானிய எழுத்தாளருக்கு அது இருந்தது. 1954-இல் அவர் எழுதிய ‘அமெரிக்கப் பள்ளிக்கூடம்’ என்ற நீண்ட சிறுகதையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அந்த ஆண்டின் பிற்பாதிக்குரிய அகுதாகவா பரிசை அவர் இந்தக் கதைக்காக இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார். ஜப்பானில் இளம் எழுத்தாளருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய கௌரவம் அது.

ஜப்பானிய பாஷை எனக்குத் தெரியாது. ஹோவர்ட் ஹிபெட் என்பவர் தொகுத்து 1977-இல் வெளிவந்த தற்கால ஜப்பானிய இலக்கியத் தொகுதியில் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாகத்தான் கதையைப் படித்தேன். இங்கிலீஷுக்கு நடுங்குகிற ஒருவனுடைய மனசை இங்கிலீஷ் வழியாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கோஜிமா இருந்திருந்தால் இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். 1915-இல் பிறந்து 2006 வரை வாழ்ந்த அவரும் இங்கிலீஷ் இலக்கியம் படித்துப் பட்டம் பெற்று, பள்ளியிலும் பிறகு மெய்ஜி பல்கலைக்கழகத்திலும் அந்தப் பாஷையையே கற்பித்துப் பிழைத்தவர்.

கதை இதுதான். யுத்தம் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஜப்பான் அமெரிக்கப் படையின் ஆதிக்கத்தில் இருக்கிறது. ஒரு மாகாண நகரத்தில் இங்கிலீஷ் உபாத்தியாயர்கள் முப்பது பேரைத் திரட்டி, அமெரிக்கக் குடும்பத்துக் குழந்தைகளுக்கென்று நடக்கும் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட அழைத்துப் போகிறார்கள். ஆறு கிலோமீட்டர் தூரம். வண்டி கிடையாது, நடைதான். அமெரிக்கர்கள் போட்ட பளபளப்பான தார் ரோடு. ஜீப்புகளும் கார்களும் பக்கத்தில் பறக்கின்றன. பசித்த வயிறும் சாயம் போன கோட்டுமாக வாத்தியார்கள் வரிசையாக நடக்கிறார்கள். உடை ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. ஆகவே இஸா என்ற வாத்தியார் யாரிடமோ ஒரு ஜோடி கறுப்புத் தோல் பூட்ஸ் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அது அவர் காலுக்குச் சேரவில்லை. பாதி வழியில் கால் புண்ணாகிப் போகிறது. கடைசியில் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடக்கிறார்.

இந்த இஸாதான் நம் மனிதர். அன்று முழுவதும் ஒரு வார்த்தைகூட இங்கிலீஷ் பேசுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு வந்திருப்பவர். ஒரு தேர்தலின்போது இவரைத் துபாஷியாகப் பிடித்து ஒரு நீக்ரோ சிப்பாயோடு ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதில் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. அவருக்கு நேர் எதிரான பேர்வழி யமாடா. வாய்ப்புக் கிடைத்தால் போதும், அமெரிக்கர்கள் முன்னால் தம் இங்கிலீஷைக் காட்டிவிட வேண்டும் என்று துடிக்கிறவர். அந்தப் பள்ளியிலேயே ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்டுவது அவருடைய கனவு. வேண்டாம் வேண்டாம் என்று ஒதுங்குகிற இஸாவையும் அதில் இழுத்துவிடப் பார்க்கிறார். கூட்டத்தில் இருக்கும் ஒரே பெண் மிச்சிகோ, யுத்தத்தில் கணவனை இழந்தவள். நடப்பதற்குச் சாதாரணக் கான்வாஸ் ஜோடும், பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் போட்டுக்கொள்ளக் குதிகால் உயர்ந்த ஜோடும் பையில் வைத்துக்கொண்டு வருகிறாள். இவர்கள் மூவரையும் ஒரே ரோட்டில் நடக்க விட்டதைத் தவிரக் கோஜிமா கதைக்கென்று பெரிய சம்பவம் எதையும் சோடிக்கவில்லை.

இந்தக் கதையை ஜப்பானியர்கள் தோல்வியின் அவமானத்தைச் சொல்லும் கதையாகப் படிக்கிறார்கள். அது சரிதான். வென்றவனுடைய தார் ரோட்டில் தோற்றவன் வெறுங்காலோடு நடப்பதற்கு வேறு அர்த்தம் சொல்ல முடியாது. ஆனால் நான் இதை வேறு விதமாகவும் படித்தேன். அந்நிய பாஷை ஒன்றைப் படிக்கிற மாணவனுக்கு, வாயைத் திறக்க வேண்டிய வேளையில் ஏற்படும் நடுக்கம் இருக்கிறதே, அதை இவ்வளவு நெருக்கத்தில் நின்று பார்த்த கதை வேறொன்று என் கண்ணில் படவில்லை.

முதலில் ஒரு விஷயம். இஸாவின் பயத்தை நாட்டு நிலைமையின் பேரில் மட்டும் போட்டுவிட முடியாது. அந்த நாளில் ஜப்பான் முழுவதும் இங்கிலீஷைப் பார்த்து ஓடி ஒளிந்துகொண்டிருக்கவில்லை. நேர் மாறாக நடந்தது. 1945-இல் சரணாகதி அடைந்த சில வாரங்களுக்குள் ஜப்பானிய-அமெரிக்க சம்பாஷணைக் கையேடு என்று ஒரு சின்னப் புத்தகம் வெளிவந்தது. முப்பத்திரண்டே பக்கம். சில மாதங்களில் 36 லட்சம் பிரதிகள் விற்றன. நேற்று வரை எதிரியின் பாஷை என்று வசைபாடிக்கொண்டிருந்த அதே ஜனங்கள்தான் வாங்கினார்கள். 1946 பிப்ரவரியில் ஹிராகாவா தடாய்ச்சி என்பவர் ரேடியோவில் இங்கிலீஷ் சம்பாஷணை வகுப்பைத் தொடங்கினார். குழந்தைகள் பாடும் பழைய ஜப்பானியப் பாட்டு ஒன்றின் மெட்டில் இங்கிலீஷ் வார்த்தைகளைப் போட்டுத்தான் நிகழ்ச்சி ஆரம்பமாகும். ஊரெல்லாம் அதைப் பாடியது. 1947-இல் பள்ளிக்கூட அமைப்பையே மாற்றி ஒன்பது ஆண்டுப் படிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நடுநிலைப் பள்ளிகளில் இங்கிலீஷ் பெயரளவில் விருப்பப் பாடம். நடைமுறையில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அது உண்டு. வாத்தியார்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். ஆக, தேசமே ஒரு பாஷையை மெட்டுப் போட்டுப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அதைக் கற்பிக்கும் ஒருவன் வாயை இறுக மூடிக்கொண்டு நடக்கிறான். இந்த முரண்பாட்டைக் கோஜிமா விளக்குவதில்லை. விளக்காமல் விட்டது நல்லதே.

இஸா இங்கிலீஷ் தெரியாதவர் அல்ல. இதை மனசில் நன்றாக வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் படித்தவர், பரீட்சை தேறியவர். ஜப்பானில் அந்நிய பாஷையைப் படிப்பதற்கு ஒரு பழைய வழி இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் சீன நூல்களைப் படித்து வந்தார்கள். சீனம் பேசத் தெரிந்துகொண்டு படித்தவர்கள் சொற்பம். சீன எழுத்துகளின் ஓரத்தில் சின்னச் சின்னக் குறிகளைப் போட்டு, எந்தச் சொல்லை முன்னே வாசிப்பது, எதைப் பின்னே தள்ளுவது என்று காட்டி, அப்படியே ஜப்பானிய வாக்கியமாக மாற்றி வாசித்துவிடுவார்கள். அபாரமான சாமர்த்தியம். மூல பாஷையின் ஒலி காதில் விழாமலே அதன் அர்த்தம் முழுவதும் கைக்கு வந்துவிடும். இங்கிலீஷ் வந்தபோதும் ஜப்பானியப் பண்டிதர்கள் அதை இப்படித்தான் எதிர்கொண்டார்கள். வாக்கியத்தைப் பிரித்து, பெயர்த்து, ஜப்பானிய வரிசையில் அடுக்கிவிட்டால் பாடம் முடிந்தது. இந்த வழியில் ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடிக்கலாம். தபாலாபீஸில் ஸ்டாம்பு கேட்க முடியாது.

ஆகவே இஸாவுக்கு இங்கிலீஷ் கண்ணால் பார்க்கும் பாஷை. காகிதத்தில் இருக்கிறவரையில் அவர் அதற்கு எஜமானர். காற்றில் கிளம்பிவிட்டால் அது அவருக்கு எஜமானன். இது ஜப்பானுக்கு மட்டும் உரிய அவஸ்தையா என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரில் தமிழில் படித்துப் பத்தாவது வகுப்பிலும் பன்னிரண்டாவது வகுப்பிலும் இங்கிலீஷ் பரீட்சையில் தொண்ணூறு மார்க் வாங்கிய பிள்ளைகள், கலாசாலையில் முதல் நாள் தன் பெயரையும் ஊரையும் இங்கிலீஷில் சொல்லச் சொன்னதும் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். “வாயில் என்ன கொழுக்கட்டையா?” என்று ஓர் உபாத்தியாயர் அதட்டுவார். கொழுக்கட்டை இருந்தால் விழுங்கிவிட்டுப் பேசலாமே!

சரி, இஸா யாருக்குப் பயப்படுகிறார்? இங்கேதான் கோஜிமாவின் பார்வை சாதாரண எழுத்தாளர்களுடைய பார்வையிலிருந்து பிரிகிறது. அமெரிக்கர்களுக்கு என்று பதில் சொல்லத் தோன்றும். கதையைக் கவனித்துப் படித்தால் அப்படி இல்லை. பள்ளியில் எமிலி என்ற அமெரிக்க உபாத்தியாயினி அவருடைய புண்ணான காலைப் பார்த்து இரங்கி மருந்து போட முன்வருகிறாள். அவளிடம் அவருக்குக் கூச்சம் உண்டு. ஆனால் அவரை நாள் முழுவதும் விடாமல் துரத்துகிற பயம் யமாடாவைப் பற்றியது. பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற சொந்த ஊர்க்காரன்! அவன்தான் உச்சரிப்பில் ஒரு சறுக்கல் வந்தால் கண்டுபிடிப்பான். ஒரு வேளை சறுக்காமல் நன்றாகவே பேசிவிட்டால் அதையும் அவன்தான் கண்டுபிடிப்பான். இரண்டில் எது அதிக ஆபத்து என்று இஸாவுக்கே தெரியவில்லை.

எந்த வகுப்பறைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வாத்தியாரோடு தனியாக இருக்கும்போது தட்டுத் தடுமாறியாவது நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுகிற பையன், பெஞ்சியில் பக்கத்துப் பையன் இருக்கும்போது ஊமையாகிவிடுகிறான். தப்பாகப் பேசினால் சிரிப்பு. சரியாகப் பேசினால், “பார்றா, துரை பேசுறாரு!” அதற்கும் சிரிப்புத்தான். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளத்தின் நிலைமை. இந்த இரண்டாவது சிரிப்பைப் பற்றிப் பாடத்திட்டம் வகுக்கிறவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

1986-இல் அமெரிக்காவில் ஹார்விட்ஸ் தம்பதியரும் கோப் என்பவரும் சேர்ந்து இந்த நடுக்கத்தை அளப்பதற்கு 33 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைச் செய்தார்கள். அன்னிய பாஷை வகுப்பில் உண்டாகும் அச்சம், மற்ற அச்சங்களிலிருந்து தனியான ஒன்று என்பது அவர்கள் கட்சி. பேச வேண்டியிருக்கிறதே என்ற பயம், பரீட்சைப் பயம், மற்றவர்கள் நம்மை மட்டமாக எடைபோடுவார்களே என்ற பயம் மூன்றும் அதில் கலந்திருக்கின்றன என்றார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கண்ட மாணவர்கள் இங்கிலீஷைப் பிறப்புரிமையாகப் பெற்ற டெக்ஸாஸ் பிள்ளைகள். ஸ்பானிஷ் முதலான பாஷைகளை எடுத்துப் படித்தவர்கள். அவர்களுக்கும் உள்ளங்கை வேர்த்தது; தெரிந்த பதில் மறந்து போயிற்று. ஆகவே, ‘நமக்கு அடிமைப் புத்தி, அதனால்தான் இங்கிலீஷ் என்றால் நடுங்குகிறோம்’ என்று மேடையில் முழங்குகிற பெரியவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். ஆண்ட பாஷையைத் தாய்ப்பாலோடு குடித்தவனும் அடுத்த பாஷையின் வாசற்படியில் நின்று நடுங்கத்தான் நடுங்குகிறான்.

கோஜிமாவுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே எழுதிவிட்டார். இன்னும் ஒன்று: 1953-இலேயே அவர் திக்குவாயைத் திருத்தும் பள்ளி ஒன்றைப் பற்றி ஒரு கதை எழுதியிருக்கிறார். தாய்மொழியிலேயே நாக்குப் புரளாதவர்களைப் பற்றி யோசித்த ஒருவர் அடுத்தபடியாக இஸாவிடம் வந்து சேர்ந்தது தற்செயல் அல்ல என்று நான் நினைக்கிறேன்.

நம் வள்ளுவர் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். பகைவர் நடுவே போய்ச் சாகத் துணிந்தவர்கள் பலர் உண்டு, சபையில் அஞ்சாமல் பேசுகிறவர்கள் அபூர்வம் என்பது அவர் அனுபவம். கோஜிமாவின் யமாடாவைப் பார்த்தால் வள்ளுவர் என்ன சொல்லியிருப்பாரோ! யுத்தத்தில் கைதிகள் மேல் வாள் வீசியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஆசாமி அவர். அதே வாயால் இன்று வென்றவனுடைய பாஷையை வென்றவனுக்கே நடத்திக் காட்ட வேண்டும் என்கிறார். களத்திலும் அச்சமில்லை, அவையிலும் அச்சமில்லை. படிக்கப் படிக்க நமக்கு அவரிடம் ஒரு கசப்பு உண்டாகிறது. சபைக்கோழையான இஸாவின் பக்கத்தில் போய் நின்றுகொள்ளலாம் என்று தோன்றுகிறது. அச்சமின்மையையே ஓர் ஊனமாகக் காட்டிவிட்ட இந்த இடத்தை நான் பலமுறை திரும்பப் படித்தேன். யமாடாவிடம் சரக்கு இருக்கிறதோ இல்லையோ, கேட்கிற காது இல்லை. எந்தப் பாஷையும் அவருக்குத் தன்னைக் காட்டிக்கொள்கிற ஒரு கருவி.

இஸாவுக்குக் காது இருக்கிறது. கதையின் மிக அழகான இடம் இதுதான். பள்ளியில் அமெரிக்கப் பெண் குழந்தைகள் பேசிக்கொள்வதைக் கேட்கிறார். அந்த ஒலி அவருக்கு ஓடையின் சலசலப்புப் போல இருக்கிறது, மனசு கரைகிறது. இத்தனை இனிமையான பாஷையையா இவ்வளவு நாளும் கண்டு ஓடினோம் என்று திகைக்கிறார். அந்நிய பாஷையைப் பேச அஞ்சுகிறவன் அதை வெறுக்கிறவன் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோமே, அந்த எண்ணத்தை இந்த ஒரு காட்சி புரட்டிவிடுகிறது. சங்கீதம் கேட்டுக் கேட்டுப் பழகிய நல்ல ரசிகனைப் பிடித்து, “நீங்கள் ஒரு கீர்த்தனை பாடுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். சுருதி பற்றித் தெரியாதவன்தான் உடனே தொண்டையைச் செருமிக்கொள்வான்.

இந்த இனிமைக்கு அடியில் இன்னொரு பயம் கிடக்கிறது. அன்னியனைப் போலவே பேசிவிட்டால் நாமே அன்னியனாகிவிடுவோம், அது வெட்கக்கேடு என்று இஸாவுக்குப் படுகிறது. பைத்தியக்கார எண்ணம் என்று ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்க மாட்டேன். பாஷை என்பது சட்டை மாதிரி, வேண்டும்போது மாட்டிக் கழற்றலாம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சட்டையை அணிந்தே பிறந்தவர்கள். இருபது வயதில் புதிதாக மாட்டிக்கொள்கிறவனுக்கு அது இரவல் பூட்ஸ். கோஜிமா இந்த உவமையை எங்கும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. காலைக் கடிக்கிற பூட்ஸைக் கழற்றிவிட்டு இஸாவைச் சும்மா நடக்க விடுகிறார். வாசகன் தானே முடிச்சுப் போட்டுக்கொள்கிறான்.

மகாத்மாவின் சத்திய சோதனையைப் படித்தவர்களுக்கு ஒரு பகுதி நினைவு வரலாம். லண்டனில் மாணவராக இருந்தபோது சபையில் எழுந்து பேச அவருக்கு வாய் வராது. எழுதிக்கொண்டு போனதையும் வேறு யாராவதுதான் படிக்க வேண்டும். அவர் கூச்சம் பாஷையால் வந்தது என்று அவர் சொல்லவில்லை. இயல்பிலேயே அவர் கூச்சக்காரர். பிற்காலத்தில் அதை நினைத்துப் பார்த்து, அந்தக் கூச்சம்தான் தமக்குச் சொற்சிக்கனத்தைக் கற்றுக் கொடுத்தது என்று திருப்தியடைகிறார். பெரியவர்கள் வாழ்க்கையில் குறையும் நிறைவாக முடிவதுண்டு. கோஜிமா தம் கதாநாயகனுக்கு அப்படி ஓர் ஆறுதலும் அளிக்கவில்லை. இஸாவின் மௌனத்திலிருந்து ஞானமோ சிக்கனமோ பிறக்கவில்லை. கால் புண்தான் பிறந்தது. பேச்சுக்கு அஞ்சுகிற பல்லாயிரம் மாணவர்களின் விஷயத்தில் இதுதான் நிஜம் என்பதால் எனக்குக் கோஜிமாவின் கடுமை பிடித்திருக்கிறது.

கதையில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. யமாடாவைத் தீட்டியதில் மை கொஞ்சம் அதிகம். அவர் வருகிற இடமெல்லாம் ஆசிரியர் நம் விலாவில் இடித்து, “பார்த்தாயா இவனை?” என்று கேட்பதுபோல் இருக்கிறது. ஒரே ஒரு தடவையாவது யமாடாவும் ஒரு வார்த்தைக்குத் தடுமாறி, அதை நாம் பார்த்துவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்திருந்தால் அவர் இன்னும் பெரிய பாத்திரமாகியிருப்பார். நிஜ வாழ்க்கையில் யமாடாக்கள் இரவு தூக்கத்தில் இலக்கணப் பிழைக்கு விழித்துக்கொள்கிறவர்கள்தாம். மிச்சிகோவின் முடிவிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. சாப்பாட்டு வேளைக்கு இஸாவிடம் குச்சிகளை இரவல் கேட்டு வாங்கும்போது, அந்த உயர்ந்த குதிகால் சறுக்கி நடைவழியில் விழுகிறாள். அமெரிக்கப் பள்ளியின் வழவழப்பான தரையில், ஜப்பானியக் குச்சிகளுக்காக நீட்டிய கையோடு. சாமர்த்தியமான காட்சி, சற்றே அதிக சாமர்த்தியம். எனினும் குச்சி இல்லாமல் சாப்பிட வந்துவிட்ட அந்த வெட்கத்தை ஆண்களுக்கெல்லாம் முன்னால் சுமந்து நிற்கிற பெண்ணை அவர் கேலி செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இதே வகையில் வேறு இருவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நட்ஸுமே ஸோஸெகி ஜப்பானிய நாவலின் பெரிய தலை. அவரும் இங்கிலீஷ் வாத்தியார்தான். சர்க்கார் அவரை 1900-இல் லண்டனுக்கு அனுப்பியது. இரண்டு ஆண்டுகள் இருந்தார். இங்கிலீஷில் அவ்வளவு பாண்டித்தியம் உள்ளவர், லண்டன் தெருப்பேச்சு பிடிபடாமல் திணறி, கடைசியில் அறையைப் பூட்டிக்கொண்டு புஸ்தகங்களோடு கிடந்தார். தம் வாழ்க்கையிலேயே மிக மகிழ்ச்சியற்ற காலம் அதுதான் என்று பிற்பாடு எழுதினார். 1907-இல் டோக்கியோ பல்கலைக்கழக வேலையை உதறிப் பத்திரிகையில் நாவல் எழுதப் போய்விட்டார். இஸாவின் பாட்டனார் என்று அவரைச் சொல்லலாம், இஸாவுக்கு அந்தத் தகுதி உண்டானால்.

இன்னொருவர் ஷிமிஸு யோஷினோரி. யுத்தத்துக்குப் பிறகு 1949 முதல் ஜப்பானிய நடுநிலைப் பள்ளிகளில் ‘ஜாக்கும் பெட்டியும்’ என்ற இங்கிலீஷ் வாசகம் பாடமாக இருந்தது. அதில் வரும் இரண்டு அமெரிக்கக் குழந்தைகளும், அவர்கள் வீடும் காரும் ஒரு தலைமுறைக்கே கனவாக இருந்தன. ஷிமிஸு 1988-இல் வெளியிட்ட கதையில் அந்த ஜாக்கும் பெட்டியும் நடுத்தர வயதில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்கிறார்கள். இருவருக்கும் பாடப்புத்தக வாக்கியங்களைத் தவிர வேறு பேச வரவில்லை! நீ பெட்டியா, ஆம் நான் பெட்டி, என்ற பாணியிலேயே தங்கள் வாழ்க்கை சீரழிந்த கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். படித்துச் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பிறகு யோசித்தால், நாம் கற்றுக்கொண்ட அன்னிய பாஷையில் துக்கத்தைச் சொல்ல எத்தனை வாக்கியம் நம்மிடம் இருக்கிறது? ஷிமிஸுவிடம் கோஜிமாவின் ஆழம் இல்லை. ஆனால் இஸா வாயைத் திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பதை அவர் காட்டிவிட்டார்.

ஜப்பானியக் கல்வி அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. 1987-இல் அன்னிய இளைஞர்களை வரவழைத்துப் பள்ளிகளில் பேச்சு இங்கிலீஷுக்குத் துணையாக வைக்கும் திட்டம் வந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு எமிலி நிற்கட்டும் என்பதுபோல. 2020 முதல் ஆரம்பப் பள்ளியின் ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில் இங்கிலீஷ் முறையான பாடமாயிற்று. பல்கலைக்கழக நுழைவுக்குப் பேச்சுப் பரீட்சையையும் தனியார் தேர்வுகள் மூலம் சேர்ப்பதாகச் சொல்லி, பெரிய கூச்சல் எழுந்த பிறகு 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். டோக்கியோவில் 2022 முதல் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப் பரீட்சை நடந்து வருகிறது. காதுக்கு மேல் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, முன்னால் இருக்கிற சின்னத் திரையைப் பார்த்துப் பையன் பேசுகிறான், அது பதிவாகிறது. வெள்ளைக்காரனும் இல்லை, யமாடாவும் எதிரே இல்லை. இஸாவுக்கு இப்படி ஒரு வசதி கிடைத்திருந்தால் பேசியிருப்பாரா? அடுத்த இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறான் என்று முதலில் திரும்பிப் பார்த்திருப்பார் என்பது என் ஊகம்.

கோஜிமாவின் கதையில் ஜப்பானிய மாணவன் ஒருவன்கூட வருவதில்லை என்பதை மூன்றாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன். முப்பது இங்கிலீஷ் வாத்தியார்கள் நாள் முழுவதும் நடக்கிறார்கள். அவர்களிடம் படிக்கும் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இஸாவின் வகுப்பில் கடைசி பெஞ்சியில் ஒரு பெண் இருப்பாள். மறுநாள் காலையில் காலில் கட்டோடு வாத்தியார் உள்ளே வருவார். பாடத்தை ஜப்பானியத்தில் பிரித்துப் பெயர்த்துச் சொல்வார். அவள் எழுதிக்கொள்வாள். அவள் குரல் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாமலே அந்த வருஷம் முடியும். அவள் நல்ல மார்க்கும் வாங்குவாள். கோஜிமா இதை எழுதவில்லை. ஆனால் கதையை மூடி வைத்த பிறகு நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது இந்த வகுப்பைத்தான்.

கதையின் கடைசியில் பள்ளித் தலைவர் வில்லியம்ஸ் இரண்டு தடைகள் விதிக்கிறார். ஜப்பானிய வாத்தியார்கள் இனிமேல் அங்கே பாடம் நடத்தவோ பாடமுறையில் தலையிடவோ கூடாது; குதிகால் உயர்ந்த ஜோடு போட்டுக்கொண்டு வரக்கூடாது. முதல் தடை யமாடாவுக்கு, இரண்டாவது மிச்சிகோவுக்கு. வாய் திறக்காமலே வந்து வாய் திறக்காமலே திரும்ப நினைத்த இஸாவைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு வார்த்தை கிடையாது.